ராத்தாவின் தராசும் நமது வாயும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் இருந்து வாசியுங்கள், இல்லாதவர்கள் பிறகு வாசியுங்கள். எங்கள் மூத்த ராத்தாவைப் பற்றியது. அவரிடம் முழுவதையும் வாசித்துக் காட்டித்தான் போடுகிறோம். இரண்டு இடங்களை வெட்டச் சொன்னார், வெட்டிவிட்டோம். "மத்ததெல்லாம் இரிக்கட்டும், ஊருக்குத் தெரியாததா" என்றார்.

ராத்தா நிறை குறைவதற்கான இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்து இப்போது பதினான்கு மாதம். ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியும். மீதிப் பேருக்கு, கொழும்புக்குப் போய் "கொழுப்பை எடுத்துவிட்டு" வந்தார் என்று பிழையாகத் தெரியும். கொழுப்பை யாரும் எடுக்கவில்லை. இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி அகற்றி, மிச்சத்தை ஒரு குழாய் போல ஆக்கிவிடுவார்கள். ஸ்லீவ் என்று சொல்வது அதைத்தான். சாப்பாடு கொஞ்சமாகத்தான் கொள்ளும். பசியைத் தூண்டும் ஹோர்மோன் பெரும்பாலும் சுரக்கிற பகுதியும் வெட்டிய துண்டோடு போய்விடுவதால் பசியும் குறையும். உடம்பில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கொழுப்பு அதே இடத்தில்தான் இருக்கும். அதை உடம்பு தானாக, தன் வேகத்தில் எரிக்கவேண்டும். இந்தப் பதிவு முழுவதும் அந்த "தன் வேகத்தில்" என்பதைப் பற்றித்தான்.

ராத்தாவுக்கு நாற்பத்தொரு வயது. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். ஒப்பரேசனுக்குப் போகும்போது நிறை 118 கிலோ. பத்து வருடமாகச் சீனி வருத்தம், இரண்டு வேளையும் இன்சுலின் ஊசி. இரவில் குறட்டை விட்டு விட்டு மூச்சு அடைத்து எழும்பி உட்கார்ந்துவிடுவார். முழங்கால் தேய்ந்து ஐந்து வருடமாகக் கதிரையில் இருந்துதான் தொழுதார். பட்டினி கிடந்து பார்த்தார். கொள்ளுத் தண்ணீர், வெந்தயம், எலுமிச்சை, கடற்கரையில் நடை, எல்லாம் செய்தார். ஒருமுறை பதினொரு கிலோ குறைத்து, அடுத்த வருடம் பதினான்கு கிலோ கூடினார். இதையெல்லாம் பார்க்காதவர்கள்தான் இன்று "வாயைக் கட்டியிருந்தா வெட்டத் தேவையில்லயே" என்கிறார்கள். உடற்பருமன் ஒரு நாட்பட்ட நோய் என்று உலக சுகாதார தாபனமே சொல்கிறது. சீனி வருத்தக்காரரிடம் போய் "நீங்க மனசு வச்சா இன்சுலின் சுரக்கும்" என்று யாராவது சொல்வோமா?

மார்க்கத்தில் ஆகுமா என்ற கேள்வியும் வந்தது. ஒப்பரேசனுக்கு முன்பே வாப்பா ஒரு மௌலவியிடம் கேட்டிருந்தார். வருத்தத்துக்குச் செய்யும் வைத்தியம் இது, அழகுக்குச் செய்வதல்ல என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதோடு அந்த விசயம் எங்கள் வீட்டில் முடிந்தது.

இனி எங்கள் பிழைக்கு வருவோம். ஊரைக் குறை சொல்வதற்கு முதல் வீட்டைச் சொல்லவேண்டும்.

வீட்டில் மூன்று பேர் ஆசிரியர்கள். அளக்காமல், கோடு கீறாமல் எங்களால் இருக்க முடியாது. ராத்தா வீட்டுக்கு வந்த மறுநாளே ஒரு வரைபுத்தாள் எடுத்தோம். கீழே வாரங்கள், பக்கத்தில் கிலோ. பாடசாலையில் பிள்ளைகளுக்கு பி.எம்.ஐ. பார்க்கும் கணக்கைப் போட்டு, அவருடைய உயரத்துக்கு 60 கிலோ என்று இலக்கு வைத்தோம். 118 இலிருந்து 60 வரை, ஒரு வருடத்துக்கு, அடிமட்டம் வைத்துச் சிவப்புப் பேனையால் நேராக ஒரு கோடு. அதை அலுமாரிக் கதவில் ஒட்டினோம். வெள்ளிக்கிழமை காலை நிறை பார்த்துப் புள்ளி வைப்பது இளைய தங்கச்சியின் வேலை.

முதல் மாதம் பத்துக் கிலோ இறங்கியது. புள்ளிகள் சிவப்புக் கோட்டுக்கு எவ்வளவோ கீழே. வீட்டில் பெருநாள்தான். படம் எடுத்துக் குடும்பக் குழுமத்தில் போட்டோம். மூன்றாம் மாதம் சரியாக 100. அப்போதும் கோட்டுக்குக் கீழேதான். நான்காம் மாதம் கழிந்து புள்ளி கோட்டைத் தொட்டது, பிறகு கோட்டுக்கு மேலே போனது. ஆறாம் மாதம் கோடு 89 இல் நிற்கிறது, ராத்தா 94 இல் நிற்கிறார். அதற்குப் பிறகு ஒன்பது வாரம் தராசு அசையவே இல்லை. 94, 94.2, 93.9, 94. வரைபுத்தாளில் புள்ளிகள் எறும்பு ஊர்வது போல நேராகப் போயின. சிவப்புக் கோடு மட்டும் கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஒன்பது வாரமும் வீட்டில் யாரும் ராத்தாவை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் புள்ளி வைத்துவிட்டு எல்லோரும் ஒருமுறை அவர் முகத்தைப் பார்ப்போம். அவருக்கு அது போதும்.

ஆசிரியர் கலாசாலையில் கணிப்பீடு வேறு, மதிப்பீடு வேறு என்று படித்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று பார்த்து உதவுவதற்குக் கணிப்பீடு. முடிவில் புள்ளி போடுவது மதிப்பீடு. படிக்கும்போது பக்கம் பக்கமாக எழுதிச் சித்தியும் அடைந்தோம். வீட்டில் செய்தது என்ன? வாராவாரம் ராத்தாவுக்குப் பரீட்சை வைத்து, வாராவாரம் பெயில் ஆக்கினோம்.

சிவப்புக் கோடே பிழை என்று பிறகுதான் தெரிந்தது. இந்த ஒப்பரேசன் செய்த எவருடைய நிறையும் நேர்கோட்டில் இறங்காது. முதலில் செங்குத்தாக இறங்கும், பிறகு சாயும், பிறகு படியாகும். படியில் சில வாரம் நின்று திரும்பவும் கொஞ்சம் இறங்கும். முதல் வாரங்களில் இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். ஈரலிலும் தசையிலும் உடம்பு ஒரு வகை மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. அதில் ஒரு கிராமோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பாடு திடீரென்று குறைந்ததும் அந்தச் சேமிப்புக் கரையும், தண்ணீரும் சேர்ந்து போகும். அதனால்தான் பலருக்கு மூன்றாம் வாரம் அளவில் தராசு ஒருமுறை நின்றுவிடும். கொழுப்பு அப்போதும் கரைந்துகொண்டுதான் இருக்கும், தண்ணீர்க் கணக்கு அதை மறைத்துவிடும்.

ஆறாம் மாதத்து நிற்பாட்டல் வேறு காரணத்தால் வருவது. 118 கிலோ உடம்பைச் சுமந்து திரிய எவ்வளவு சக்தி வேண்டுமோ அவ்வளவு 94 கிலோ உடம்புக்கு வேண்டியதில்லை. போதாதற்கு, நிறை குறைவதை உடம்பு பஞ்ச காலம் என்று எடுத்துக்கொள்கிறது. செலவைச் சுருக்குகிறது, அந்தச் சின்ன உடம்புக்கு வேண்டியதிலும் குறைவாக எரிக்கப் பழகுகிறது. மாதச் சம்பளம் பாதியானால் நாம் லைட்டை நூர்த்து, இறைச்சியை விட்டு, பஸ்ஸில் போகிற இடத்துக்கு நடந்து போவதில்லையா? அதே கதைதான். ஒப்பரேசன் காயத்தின் வீக்கம் வற்றி, சாப்பாடு முன்னரைவிடக் கொஞ்சம் கூடக் கொள்ளுவதும் இந்தக் காலத்தில்தான். வரவும் செலவும் சமமாகும் இடத்தில் தராசு நிற்கும். இதில் ராத்தாவின் ஈமானிலோ மனவுறுதியிலோ எந்தக் குறையும் இல்லை.

ஸ்லீவ் செய்தவர்கள் பொதுவாக ஒன்று, ஒன்றரை வருடத்தில் தங்கள் முழு நிறையில் 25 இலிருந்து 30 வீதம் வரை குறைகிறார்கள். ராத்தாவின் 118 இல் அது முப்பது, முப்பத்தைந்து கிலோ. அப்படியென்றால் 83 க்கும் 88 க்கும் இடையில் எங்கோ நிற்கவேண்டியவர் அவர். 60 என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. நாங்கள்தான் கணக்கு வாத்தியார் வேலை பார்த்துக் கண்டுபிடித்தோம். நீண்டகாலச் சீனி வருத்தம் உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் இறங்குவார்கள், நாற்பதைத் தாண்டியவர்கள் மெதுவாகத்தான் இறங்குவார்கள் என்பதும் அந்தச் சிவப்புக் கோட்டுக்குத் தெரியாது.

பக்கத்து ஊரில் இன்னொருவர் செய்து ஒரு வருடத்தில் 45 கிலோ குறைந்தார் என்று எங்களிடம் சொல்லாதவர் இல்லை. விசாரித்துப் பார்த்தால் அவர் செய்தது பைபாஸ். இரைப்பையைச் சிறிதாக்குவதோடு குடலையும் மாற்றி இணைப்பது. வயது இருபத்தெட்டு. தொடங்கும்போது 140 கிலோவுக்கு மேல். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையையும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையையும் ஒரே வினாத்தாளில் இருத்துகிற கதை.

அந்த ஒன்பது வாரத்துக்குள்தான் ஹஜ்ஜுப் பெருநாளும் வந்தது. வீடு நிறைய ஆட்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேள்வி.

"என்ன புள்ள, ஒப்பரேசன் செஞ்சும் அப்பிடியேதானே இரிக்காய்?"

"எவ்வளவு கொறஞ்சிச்சி? இருபத்திநாலா? இவ்வளவு காசு குடுத்தா?"

அதே ஆட்கள் அரை மணித்தியாலம் கழித்து: "என்ன ஒண்டும் தின்னாம இரிக்காய், இந்தா இந்த எறச்சியத் தின்னு, பெருநாளும் அதுவுமா." வட்டிலப்பத்தை வாய்க்குக் கிட்ட நீட்டுகிறார்கள். சாப்பிட்டால் "இதனாலதான் கொறயல்ல." சாப்பிடாவிட்டால் "எங்கட சாப்பாடு புடிக்கல்ல." ராத்தா எந்த வாசலால் வெளியே போவது?

கலியாண வீட்டுச் சஹன் இன்னொரு சோதனை. ஒரே சஹனில் பலர் இருந்து சாப்பிடுவது நம் ஊரின் அழகு, அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்லீவ் செய்தவருக்கு நாலைந்து வாய்க்கு மேல் கொள்ளாது. ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று, இருபது முப்பது நிமிடம் எடுத்துச் சாப்பிடவேண்டும். அவசரப்பட்டால் நெஞ்சில் அடைத்து வாந்தி வரும். சாப்பிடும்போது தண்ணீரும் குடிக்கக்கூடாது, அரை மணித்தியாலம் பொறுக்கவேண்டும். சஹனில் மற்றவர்கள் பத்து நிமிடத்தில் கைகழுவ எழும்பிவிடுவார்கள். ராத்தா ஒருமுறை ஒரு தனிப் பீங்கான் கேட்டார். "பெரிய ஆளாகிட்டா" என்று அது மூன்று தெருவுக்குக் கதையானது. அதன் பிறகு இரண்டு கலியாணத்துக்கு அவர் போகவில்லை.

நோன்பும் அப்படித்தான். ஒப்பரேசன் செய்து நாலாம் மாதம் நோன்பு வந்தது. இந்த வருடம் வேண்டாம் என்று டொக்டர் தடுத்துவிட்டார். சின்ன இரைப்பைக்காரர் ஒரு நாளைக்கு வேண்டிய ஒன்றரை, இரண்டு லீற்றர் தண்ணீரைக் காலையிலிருந்து இரவு வரை சிறுகச் சிறுகத்தான் உறிஞ்சவேண்டும். மஃரிபுக்குப் பிறகு செம்பு செம்பாகக் குடித்து ஈடு செய்ய முடியாது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை கொடுத்திருக்கிறது, ஊர் கொடுக்கவில்லை. பகலில் அவர் ஒரு மிடறு தண்ணீரைக் குசினிக் கதவைச் சாத்திவிட்டுக் குடித்தார்.

பெருநாள் முடிந்து ஒரு சாச்சி ஒரு தூள் கொண்டுவந்தார். முகநூலில் விற்கிற சாமான். காலையும் இரவும் சுடுதண்ணீரில் கலக்கிக் குடித்தால் மாதம் எட்டுக் கிலோ குறையுமாம். எங்களுக்குத் தெரியும் என்றால் தடுப்போம் என்று ராத்தா தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்துக் குடித்திருக்கிறார். சாப்பாட்டையும் அநேகமாக நிறுத்திவிட்டார். விற்றமின் குளிசைகள் வாய்க்குக் குமட்டுகிறது என்று அவற்றையும் விட்டார். கிளினிக் திகதி வந்தபோது தலையிடி என்று சொல்லிப் போகவில்லை. உண்மைக் காரணத்தைப் பிறகுதான் சொன்னார். "போனா மிஸ்ஸி தராசில ஏறச் சொல்லுவா. 94 எண்டு எழுதுவா. டொக்டர்ட மொகத்த எப்பிடிப் பாக்குற?"

ஒரு திங்கட்கிழமை காலை நாங்கள் எல்லோரும் பாடசாலைக்குப் போன நேரம், குசினியில் விழுந்துவிட்டார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை தேங்காய் வாங்க வந்ததால் தப்பியது. அல்ஹம்துலில்லாஹ், அதற்கு மேல் இப்போது எழுத முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் 8.4. பி12 மிகவும் குறைவு. முடி கொத்துக் கொத்தாகக் கழன்றுகொண்டிருந்ததும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது, ஸ்காபை வீட்டுக்குள்ளும் கழற்றாமல் திரிந்திருக்கிறார். ஒப்பரேசன் செய்து மூன்று நான்கு மாதத்தில் முடி கொட்டுவது வழமை, பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். ராத்தாவுக்கு எட்டாம் மாதத்திலும் நிற்கவில்லை, காரணம் புரதமும் இரும்புச்சத்தும் இல்லாததுதான்.

அன்று இரவு உம்மா ஒன்றும் பேசாமல் அலுமாரியிலிருந்து வரைபுத்தாளைக் கிழித்தார். செலோடேப் ஒட்டிய இடத்தில் வர்ணம் உரிந்து இன்னும் இருக்கிறது.

அடுத்த கிளினிக்குக்கு எங்களில் இரண்டு பேர் கூடப் போனோம். ராத்தா பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. டொக்டர் தராசைப் பார்ப்பதற்கு முதல் கேட்டது இன்சுலினைப் பற்றி. இன்சுலின் இரண்டாம் மாதமே நிறுத்தியாகிவிட்டது. மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் பரிசோதனை ஒப்பரேசனுக்கு முன் 9.2, இப்போது 6.1. இரவில் மூச்சு அடைப்பதில்லை. "இதற்குத்தானே செய்தோம்" என்றார் அவர். பிறகு தைரொயிட் பரிசோதித்தார். என்ன சாப்பிடுகிறார், எத்தனை மணிக்கு, என்ன குடிக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தூளைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவருக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம்.

அங்கே படித்ததில் சிலதை எழுதுகிறோம். இதே ஒப்பரேசன் செய்த வேறு யாருக்காவது உதவும். ஆனால் உங்கள் டொக்டர் சொல்வதுதான் உங்களுக்கு.

தராசு நின்றால் சாப்பாட்டை இன்னும் குறைப்பது பெரிய பிழை. புரதம் குறைந்தால் உடம்பு தசையைத் தின்னும், தசை குறைந்தால் எரிப்பதும் குறையும், தராசு இன்னும் இறுகும். ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்றார்கள். கொடுத்த உணவுத் தாள் ஆங்கிலத்தில், அதில் நாம் கடையில் காணாத சாமான்கள். உம்மா அதை எங்கள் குசினிக்கு மொழிபெயர்த்தார். ஒரு முட்டையில் ஆறு கிராம். உள்ளங்கை அளவு மீன் துண்டில் இருபது கிராமுக்கு மேல். சூரை, பாரை, கும்பளா எதுவும் சரி, பொரிக்காமல் ஆணமாக்கினால் நல்லது. அவித்த கடலை, கவ்பி, தயிர், கோழி. பீங்கானில் முதலில் மீன், பிறகு மரக்கறி, இடமிருந்தால் மட்டும் சோறு. மூன்று இடியப்பத்தில் தொடங்கினால் வயிறு நிரம்பிவிடும், மீனுக்கு இடமிருக்காது.

எங்களை ஏமாற்றியது சோறு அல்ல, பிளேன்டீயும் மாரி பிஸ்கட்டும். ராத்தா "ஒண்டும் திங்கல்ல" என்று சொன்னது பொய்யில்லை, அவர் சாப்பாடு என்று எதையும் தின்னவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஆறு சீனித் தேத்தண்ணி, ஒவ்வொன்றோடும் நனைத்த இரண்டு பிஸ்கட். இறைச்சி போய் இரைப்பையில் இருக்கும், வயிறு நிரம்பியதைச் சொல்லும். நனைத்த பிஸ்கட்டும் ஐஸ்கிறீமும் இனிப்புப் பானமும் வழுக்கிக்கொண்டு போய்விடும், வயிறு ஒன்றும் சொல்லாது. இப்போது சீனியில்லாத தேத்தண்ணி இரண்டு.

நடை மட்டும் போதாதாம், தசைக்கும் வேலை வேண்டும். ராத்தாவுக்கு ஜிம் எங்கே? ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைக் கையில் பிடித்துத் தூக்குகிறார். கதிரையில் இருந்து கை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருக்கிறார். பேத்திமார் வந்து எண்ணுவார்கள், கள்ளமாகவும் எண்ணுவார்கள்.

விற்றமின்கள் ஆயுளுக்கும். பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி. நிறை குறைந்தாலும் குறையாவிட்டாலும் இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. இரும்பையும் கல்சியத்தையும் ஒரே நேரத்தில் விழுங்கக்கூடாது, ஒன்றை ஒன்று தடுக்கும். மூட்டு வலிக்கு ஃபார்மசியில் தானாக வாங்கிப் போடும் குளிசைகளில் பல இந்த இரைப்பையில் புண் ஆக்கும், கேட்காமல் போடவேண்டாம். தொடர்ந்து வாந்தி இருந்தால் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்கக்கூடாது. குமரிப் பிள்ளைகள், புதிதாகக் கலியாணம் முடித்தவர்கள் இதைச் செய்திருந்தால் ஒன்று, ஒன்றரை வருடத்துக்குக் குழந்தையைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். இதை மாமியார்மார் வாசிக்கட்டும்.

சுவீடனில் 1987 இல் தொடங்கி ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது. அதில் பைபாஸ் செய்தவர்கள் முதல் இரண்டு வருடத்துக்குள் சராசரியாக 32 வீதம் வரை குறைந்து, பத்தாம் வருடம் 25 வீதக் குறைவில் நின்றார்கள். அதாவது சராசரியாகக் கொஞ்சம் திரும்ப ஏறியிருக்கிறது. ஆனாலும் ஒப்பரேசன் செய்யாதவர்களைவிடச் செய்தவர்களில் மரணம் குறைவாக இருந்தது. இதைச் சொன்னபோது ராத்தா நெடுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப கூடினாலும் நாம தோக்கல்லயா?" கூடினாலும் தோல்வி இல்லை, ராத்தா. நின்றாலும் இல்லை.

இப்போது அவர் 89 கிலோ. சிவப்புக் கோடு ஆறாம் மாதத்தில் தொட்ட இடத்தைப் பதினான்காம் மாதத்தில் தொட்டிருக்கிறார். கடைசி ஐந்தரை மாதத்தில் ஐந்து கிலோ. சராசரியைவிடச் சற்று மெதுவுதான், மறைக்கவில்லை. தராசு 94 இல் நின்ற அந்த ஒன்பது வாரத்திலும் தையல்கார ராத்தா ஹபாயாவை ஒருமுறை பிடித்துக் கொடுத்தார் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. இடுப்பு இறங்கியிருக்கிறது, தராசுக்குத் தெரியவில்லை. அந்த அளவை எழுதி வைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன மாதம் ஒரு சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் ராத்தாவின் தொழுகைக் கதிரை அறைக்கு வெளியே கிடக்கிறது. உள்ளே பாயில் ஸுஜூதில் இருக்கிறார். எழும்பும்போது ஒரு கையை ஊன்றித்தான் எழும்பினார். உம்மா கதவடியில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

ஊராரிடம் கேட்க விரும்புவது பெரிய விசயம் ஒன்றுமில்லை. "எவ்வளவு கொறஞ்ச?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அன்போடுதான் கேட்கிறீர்கள், அதில் சந்தேகமில்லை. நாங்களும் அன்போடுதான் புள்ளி வைத்தோம். கேட்டே ஆகவேண்டுமென்றால் "சுகமா இரிக்கியளா" என்று கேளுங்கள், நம் பெரியவர்கள் அதைத்தானே கேட்டார்கள். கலியாண வீட்டில் யாராவது தனிப் பீங்கான் கேட்டால் கொடுத்துவிட்டு வேறு கதை பேசுங்கள். வயிற்றை மூன்று பங்காக்கும் ஹதீஸை ராத்தாவிடம் வந்து ஓதிக்காட்டியவர்களும் உண்டு. ஓதியவரின் சட்டைப் பொத்தான் வயிற்றடியில் இழுத்துக்கொண்டு நின்றதை நாங்கள் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை.

தூள் விற்பவர்களுக்கு: இந்தப் பதிவின் கீழே வந்து இலக்கம் போட்டால் அழித்துவிடுவோம்.

சாச்சியை யாரும் திட்டவேண்டாம். அவர் தன் காசைக் கொடுத்து வாங்கி வந்தார், இப்போது வாரத்தில் இரண்டு நாள் மீன் ஆணம் ஆக்கி அனுப்புவதும் அவர்தான். உப்புத்தான் கொஞ்சம் கூட.

இதே ஒப்பரேசனைச் செய்துவிட்டு, நிறை இறங்காத வெட்கத்தில் கிளினிக்கை விட்டவர்கள் நம் பக்கத்து ஊர்களில் இரண்டு பேரை எங்களுக்குத் தெரியும். இன்னும் இருப்பார்கள். ஆண்களும் இருக்கலாம், அவர்கள் வெளியில் சொல்லவே மாட்டார்கள். ராத்தாவோடு பேச விரும்பினால் உள்பெட்டியில் எழுதுங்கள், பெண்களோடு அவர் பேசுவார், ஆண்களோடு வாப்பா பேசுவார். அடுத்த கிளினிக் இந்த மாதக் கடைசிச் செவ்வாய். நோன்புக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான் இருக்கிறது, இந்த முறை பிடிக்கலாமா என்று டொக்டரிடம் கேட்கவும் வேண்டும். திங்கள் இரவு கொழும்பு பஸ்ஸில் போகிறோம். வருபவர்கள் வெள்ளிக்கு முதல் சொன்னால் சேர்த்து சீட் போடலாம். விடிய இறங்கியதும் சாப்பிட அவித்த முட்டை உம்மா கட்டித் தருவார்.